தண்ணீர்ச் செடி என்றார்

அம்மாபேட்டை மீன்கடையில் நூருல்லா
அறுபது ரூபாய்க்குக் கொடுத்தார்,
அடியில் ஈயத்தகடு சுற்றிய ஊதா இலை.
தண்ணீர்ச் செடிதானே என்றேன்.
தண்ணீரில்தானே இருக்கிறது என்றார்.

முதல் மாதம் ஒரு குறையுமில்லை.
கப்பிகள் அதன் இடுக்கில் குட்டி போட்டன.
உருக்காலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து
தொட்டி விளக்கைப் போட்டால்
வீட்டில் விழித்திருந்தது அது ஒன்றுதான்.

பிறகு ஓர் இலை கண்ணாடியானது.
நரம்பு தெரிந்தது. நரம்புக்குப் பின்னால்
மீன் போவது தெரிந்தது.
விளக்கை மாற்றினேன், உரமாத்திரை புதைத்தேன்,
எட்டு நாளைக்கொருமுறை வரும் குழாய்த்தண்ணீரை
இரண்டு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றினேன்.
தொட்ட இடம் சளியாக வந்தது.

ஞாயிறு ஏற்காடு போனோம்.
பதினெட்டாம் வளைவில் சுகந்திக்குக் குமட்டல்.
வண்டியை நிறுத்தினால்
டீக்கடைச் சாக்கடையோரம், புழுதி மூடி,
பீடித்துண்டுகளுக்கு நடுவே
அதே ஊதா.
கொத்துக் கொத்தாக. வெள்ளைப் பூ வேறு.

இதையா அறுபது ரூபாய்க்கு
என்றாள், வாய் கொப்பளித்துக்கொண்டே.

அன்றிரவே பிடுங்கி
பெயிண்ட் டப்பாவில் மண்போட்டு நட்டேன்.
மிச்சமிருந்த மூன்று இலையும்
விடிவதற்குள் ஈரத்துணியாகத் தொங்கின.
காற்றைத் தாங்கும் தோல்
அதற்குள் கரைந்துபோயிருந்தது.
வெறும் காம்புக்குத் தினம் ஒரு டம்ளர்
தொட்டித் தண்ணீர், மீன் கழிவோடு.
கணுவில் ஒரு புள்ளி இருக்கிறது.
நேற்றும் இருந்ததா, தெரியவில்லை.

நூருல்லாவிடம் சண்டைக்குத்தான் போனேன்.
வெள்ளைக் கோடு போட்ட பச்சை ஒன்றை எடுத்து
இது சத்தியமாகத் தண்ணீர்ச் செடி என்றார்.
வாங்கி,
பஸ் ஏறுவதற்குள்
ஈயத்தகட்டைக் கழற்றிவிட்டேன்.