காதுக்கல்

பாயான் லெப்பாஸ் சரக்குக் கிடங்கில்
நான்கு நாளாய்க் கிடக்கிறது பொட்டலம்.
உள்ளே நாற்பது காதுக்கற்கள்.
ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு.

‘பொருளின் மதிப்பு?’ என்கிறது படிவம்.
சுழியம் என்று அடித்தேன்.
சுழியத்தைக் கணினி ஏற்கவில்லை.
சரி, ஒரு ரிங்கிட்.

கெம்போங் மீனின் மண்டைக்குள் வளரும் கல்.
மெல்லத் தேய்த்து விளக்கொளியில் வைத்தால்
வளையம் வளையமாய் அதன் நாட்கள்.
தெலுக் பாஹாங்கில் நான் எண்ணியது
பதினான்கு மாதம்.
அச்சே லங்சாவில் ரிஸ்வாண்டி எண்ணியது
பதினெட்டு.
சாத்தூனில் நரிசரா
இரண்டையும் அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள்.
அவள் திருப்பி அனுப்பிய கற்கள்தான் இவை.

எத்தனை டன் பிடிக்கலாம் என்று
மூன்று அரசுகள் மேசைக்கு வருமுன்
ஒரே ஒரு மீனின் வயதில்
நாங்கள் மூவர் ஒத்துப்போயாக வேண்டும்.

“அழுகுமா?” என்று கேட்கிறார்
சுங்க அதிகாரி ஃபவ்சியா.
“அழுகாது. ஆனால் ஜூன் கூட்டத்துக்குள் வேணும்.”
“மீன் எங்கே?”
“போன வருசமே தின்னாச்சு.”
சிரித்துவிட்டு
படிவத்தை என் பக்கம் திருப்புகிறார்.
ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது.

‘உற்பத்தியான நாடு.’

வலை விழுந்தது பினாங்குக்கு வடக்கே.
பொரித்தது எங்கே?
கல்லின் நடுப்புள்ளியில் இருப்பது
எந்தக் கரையின் உப்பு?

பேனா மூடியைக் கழற்றுகிறேன்.
பின்னால் வரிசையில் நிற்பவர்
இரண்டாம் முறை இருமுகிறார்.