இரவில் என் கழுத்தில்

எண்பதாவது நாள் வரை
நானும் நீயும் வாசலுக்கு வெளியே.
ஆண் பிள்ளை என்றால் நாற்பதுதான்.
ஏன் என்றேன்.
வழக்கம் என்றார் உன் அப்பா தெஸாலெஞ்,
பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர்.
நாற்பதை இரண்டால் பெருக்க எனக்கும் தெரியும்.

தெப்ரே தாபோரில் பின்னிரவு மூன்று மணிக்கு
ஒலிபெருக்கி விழித்துக்கொள்ளும்.
மேட்டின் மேல் கப்ரியேல் கோயில்.
நீ திடுக்கிட்டு முலையை விடுவாய்.
"ஒன்றுமில்லடி, அது சாமி வீடு"
என்றேன் முதல் இரவு.
பிறகு வெகுநேரம் தூக்கமில்லை.
கடவுளைப் பற்றி
உனக்கு நான் சொன்ன முதல் சொல்
ஒன்றுமில்லை.

எண்பதாம் நாள் தைல மரங்களின் கீழே
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம்.
உன்னை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்
ஞானத்தாய் யெஷிமெபெத்.
அவள் கைகளில் எப்போதும் வெங்காய வாசனை.
குருவானவர் மூன்று முறை தண்ணீர் ஊற்றினார்.
மலைத் தண்ணீர், ஜனவரி மாதம்.
நீ போட்ட சத்தத்தில்
தூணோரம் சாய்ந்திருந்த பெரியவரின்
கோல் நழுவி விழுந்தது.
முத்தமிட நீட்டிய சிலுவையை
நீ வாய்க்குள் இழுத்துச் சப்பினாய்.
"பசி" என்று சிரித்தார் அவர்,
"நல்ல ஆரம்பம்."

வலத்த கப்ரியேல் என்று பேர் வைத்து
கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார்கள்.
மாதெப்.
இது இருக்கிறவரை நீ யாரென்று
யாரும் கேட்க வேண்டியதில்லை என்றாள் யெஷிமெபெத்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் கயிற்றை
செவிலியர் கல்லூரி விடுதியில், பதினெட்டு வயதில்,
நகவெட்டியால் வெட்டினேன்.
கோபமெல்லாம் இல்லை.
குளித்தால் காயாமல் அரித்தது,
அவ்வளவுதான்
என்றுதான் இதுவரை சொல்லிவருகிறேன்.

எட்டு வருடமாகப் பிரசவம் பார்க்கிறேன்.
கொடி சுற்றிப் பிறக்கும் பிள்ளைகளை
இந்த இரண்டு விரல்களால்தான் விடுவிப்பேன்,
ஒரு சுற்று, சில சமயம் இரண்டு.
நீலம் சிவப்பாகும் வரை
எனக்கும் மூச்சு வராது.
அந்த விரல்களிடம் போய்
உறங்கும் பிள்ளை கழுத்தில் கயிறு கிடக்கட்டும் என்றால்
கேட்குமா?

அன்றிரவே கழற்றிவிட்டேன்.
தெஸாலெஞ் எழுந்து உட்கார்ந்தார்.
"எல்லாக் குழந்தைகளும் போட்டுக்கொண்டுதான் தூங்குகின்றன."
"எல்லாக் குழந்தைகளும் என் வயிற்றில் பிறக்கவில்லை."
"ஆண்டவர் பார்த்துக்கொள்வார்."
"பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்திருக்கிறார்."
சொன்னபிறகுதான் கேட்டது எனக்கு,
நான் என்ன சொன்னேன் என்று.
அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்.

கயிற்றை எங்கே வைப்பது?
மேசையில் வைத்தால் எலி,
ஆணியில் மாட்டினால் ஏதோ குற்றம் போல.
இருட்டில் நின்று யோசித்து
என் கழுத்தில் கட்டிக்கொண்டேன்.
தலை நுழையாத அளவு.
முடிச்சை அவிழ்த்து, மறுபடி போட்டு.

அப்படித்தான் இப்போது நடக்கிறது.
பகலில் உன் கழுத்தில்,
இரவில் என் கழுத்தில்.
மூன்று மணிக்கு ஒலிபெருக்கி விழிக்கும்போது
நீ பால் குடித்துக்கொண்டே
அதன் நுனியைப் பிடித்துக்கொள்கிறாய்.
கேள்விகளோடு நீ வரும் நாள் வரும்.
நாற்பதா எண்பதா என்று கேட்பாய்.
என்னிடம் பதில் இல்லை.
கயிறு மட்டும் இருக்கிறது, அதுவும் பாதி நேரம்தான்.

நேற்று அவசர அழைப்பு.
உன்னிடம் திருப்பிக் கட்ட மறந்து
அதோடேயே ஓடினேன்.
தலைப்பிரசவம், பத்தொன்பது வயதுப் பெண், பேர் ஸைனப்.
வலி உச்சத்தில் பிடிக்க ஏதுமின்றி
என் கழுத்துக் கயிற்றைப் பிடித்தாள்.
விடு என்று சொல்ல வாய் வரவில்லை.
இழுத்தாள். குனிந்தேன். இன்னும் குனிந்தேன்.
அவள் நெற்றியில் என் நெற்றி படுகிறவரை.
ஆண் குழந்தை. கொடி சுற்றவில்லை.

வீட்டுக்கு வந்து அவிழ்த்தபோது
கயிறு ஒரு விரற்கடை நீண்டிருந்தது.
கழுவலாமா என்று யோசிப்பதற்குள்
நீ அதை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாய்.
முகத்தைச் சுளித்தாய்.
உப்பு.
பிறகு மறுபடியும் சப்பினாய்.