ஆறரை

வெள்ளிக்கிழமை திறந்தார்கள்.
சனி விடியுமுன்
பதினேழு மாலையையும் தின்றுவிட்டுப்
பஸ் நிலையத்துப் பக்கம் போய்ப் படுத்திருந்தன
திருகோணமலை மான்கள்.
காசு குறைந்ததில் பீடமும் குறைந்திருந்தது,
சிலையின் கழுத்து அவற்றுக்கு எட்டும்.

வேலிக்கு அளவெடுக்க என்னை அழைத்தார்கள்.
சுற்றளவு இருபத்தெட்டு அடி.
கம்பிக்குக் கம்பி நாலங்குலம்,
தலை நுழையக் கூடாது என்றார் செயலாளர்.

நாடாவைப் பிடித்தபடி சிலையைப் பார்த்தேன்.
கதிர்காமத்தம்பி முதலாளியை எனக்குத் தெரியும்,
இவரைத் தெரியாது.
அவர் சால்வை போட்டவரல்ல.
ஐஸ் பக்டரி வாசலில்
ஈரச் சாக்கொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார்,
முழங்கை வரை மரத்தூள்.
சிரித்தவருமல்ல.
மிஞ்சியிருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான்;
அதிலிருந்து சிற்பி எடுத்த சிரிப்பு
யாருடையதோ.

கல்லில் என்ன வெட்டுவதென்று
மூன்று கூட்டம் நடந்ததாம்.
‘கொடைவள்ளல்’ என்றார் ஒருவர்.
‘கல்விக் காவலர்’ என்றார் வங்கி முகாமையாளர்.
பிறந்த ஆண்டு ஒருவருக்கும் நிச்சயமில்லை.
கடைசியில் இரண்டு பட்டமும் ஏறி,
இடம் போதாமல்
பெயர்தான் சிறுத்துப் போயிற்று.

அவர் எங்கள் பெயரை எழுதியதே இல்லை.
ஐஸ் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில்
ஊரும் கால் அளவும்தான்.
மகள் காட்டினா, உப்பில் ஊதிய தாள்:
ஜமாலியா – ஐந்து.
மனையாவெளி – எட்டு, அகலக் கால்.
சீனக்குடா, சிங்களப் பெடியன் – ஏழு.
பாலையூற்று – ஆறரை.

ஆறரை நான்.

வெறுங்காலோடு வந்தாய் என்று
பள்ளிக்கூட வாசலில் மறித்துத் திருப்பிய திங்கட்கிழமை,
வீட்டுக்குப் போகாமல்
ஐஸ் பார் உடைக்கும்போது சிதறும் துண்டு
பொறுக்கித் தின்னப் போனேன்.
காலைப் பார்த்தார்.
முகத்தைப் பார்த்ததாய் ஞாபகமில்லை.
புதன்கிழமை ஒரு பெட்டி இருந்தது.
பற்றுச்சீட்டில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு,
‘கிழிஞ்சால் வா. வளந்தாலும் வா’ என்றார்.
அவ்வளவுதான் நாங்கள் பேசியது
அந்த வருடம் முழுக்க.

பிறகு வெல்டிங் படிக்கக் கட்டிய காசும்
அதே கொப்பியில், அதே ஆறரைக்கு நேரே.
அப்போது என் கால் ஒன்பது.

எல்லாருக்கும் கொடுத்தார் என்று விழாவில் பேசினார்கள்.
இல்லை.
‘லிங்கநகர் – ஏழரை’ என்ற வரி
இரண்டு கோடு போட்டு வெட்டியிருக்கிறது,
அவர் பேனையால்தான்.
காரணம் எழுதவில்லை.
சந்திரகாசன் அந்தத் தவணையோடு படிப்பை விட்டான்,
இன்றைக்கு மீன் லொறியில் தம்புள்ளைக்குப் போய் வருகிறான்,
அதே மீனுக்கு அதே பக்டரி ஐஸ்.
விழாவுக்கு வந்திருந்தான்.
கடைசி வரிசையில் நின்றான்.
மாலை வரிசை நகர்ந்தபோது அவனும் நகர்ந்தான்.
போட்டுவிட்டுத் திரும்பி வருகையில்
என் சப்பாத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.

மூன்று நாள் வேலை.
வெயிலில் கம்பி தொட முடியாது,
விடியப்புறம்தான் பற்ற வைத்தேன்.
நெருப்புப் பொறி அவர் மடியில் விழுந்து
சீமெந்தில் அணைந்தது.
கட்டியான ஐஸை வைத்துப் பிழைத்த மனுஷனைக்
கரையாத ஒன்றில் செய்துவிட்டார்களே என்று
ஒரு நினைப்பு வந்தது.
தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

முன்பக்கமும் இரு கரையும் நாலங்குலம்.
கடல் பக்கம் மட்டும் அளவு பிழைத்துவிட்டது.
ஒரு மான் ஒருக்களித்து நுழையும்.
செயலாளர் நாடாவோடு வருவதாகச் சொன்னார்,
இன்னும் வரவில்லை.

கம்பிக்கும் கூருக்கும் பெயின்ருக்கும் காசு வாங்கினேன்.
கூலி போடவில்லை.
பற்றுச்சீட்டில் அவருடைய கையெழுத்தை மட்டும்
கட்டாயம் வேண்டுமென்று நின்று வாங்கினேன்.

நேற்று யாரோ புது மாலை போட்டிருந்தார்கள்.
இன்று காலை அந்தச் சீமெந்துச் சால்வையின் மேல்
வாழை நார் மட்டும் கிடந்தது,
ஈரமாய்.