ஒரு மணி பின்னே

புன்ட்டா அரெனாஸில் இன்று துறைமுகம் மூடல்.
இந்தக் காற்றில் படகை விடமாட்டார்கள்.
போர்வெனீருக்குப் போகவேண்டிய பால்வண்டி
கரையிலேயே நின்று விளக்கை எரித்துக்கொண்டிருக்கிறது.
எனக்கும் போக்கிடமில்லை.
மடிக்கணினியைத் திறந்தேன்.

பழையது. எலியாசர் பாரியா விற்றது.
நண்டு ஆலையில் குளிரறையைப் பார்த்துக்கொண்டவர்,
வேலையை விட்டு வடக்கே போகுமுன்
பேரம் பேசாமல் கொடுத்துவிட்டார்.
கருந்திரையில் இன்னும் அவர் பெயர்தான் துடிக்கிறது.
மாற்றவில்லை. சோம்பல்.

செய்யவேண்டியது இவ்வளவுதான்:
மூன்று கணினிகள் மூன்று ஊரில் இருப்பதாக
இந்த ஒன்றை நம்பவைக்க வேண்டும்.
எதையும் மூன்று பிரதியாக வைக்கும்,
ஒன்று எரிந்தாலும் மற்ற இரண்டும் பேசிக்கொண்டு
கேட்டதை எடுத்துத் தரும்.
அதை என் சமையலறையில் ஒருமுறை பார்த்த பிறகுதான்
திட்டத்தின் நிரலில் ஒரு வரியையாவது தொடலாம்.

மூலநிரலை இறக்கினேன்.
விசிறி இரைந்த இரைச்சலில்
பூனை அடுப்படியைக் காலிசெய்தது.
ஒரு நூலகம் இல்லை என்றது; கொடுத்தேன்.
இந்தப் பதிப்பு இல்லை, அதற்கு முந்தையது என்றது;
அதையும் கொடுத்தேன்.
வட்டில் இடமில்லை என்றது.
பார்த்தால், எலியாசரின் படங்கள், பன்னிரண்டு கிகாபைட்.
பனிக்குல்லாயில் ஒரு சிறுமி, ஒரு நாய், ஏராளமான கடல்.
அழிக்கக் கை வரவில்லை.
தொலைக்காட்சிக்குப் பின்னால் கிடந்த
வெளிவட்டுக்கு நகர்த்தினேன்.

ஏழாயிரத்து ஒன்றாம் துறையில் முதல் கணு எழுந்தது.
இரண்டில் இரண்டாவது.
மூன்றாம் துறையை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள்.
யாரென்று தேடினால் நானேதான்:
செத்துவிட்டதென்று நினைத்த மத்தியான முயற்சி
நகராமல் உட்கார்ந்திருக்கிறது.
எண்ணைச் சொல்லிக் கொன்றேன்.
ஊரில் ஒரு துறை மூடிய நாளில்
நான் ஒன்றைத் திறந்தேன்.

மூன்றும் எழுந்தன, ஒன்றை ஒன்று நம்பவில்லை.
உன் சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை
உன் சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை
என்று நொடிக்கொரு வரி பதிவேட்டில் விழுகிறது.
இருபது நிமிடம் முன்புதானே
திட்டத்தின் வழங்கி கையெழுத்திட்டு அனுப்பியது?
தேநீர் வைத்தேன். ஆறவிட்டேன்.
சுவரில் ஐந்து பத்து.
திரையின் மூலையில் நான்கு பத்து.

குளிர்காலம் வந்தால் வடக்கே எல்லோரும்
கடிகாரத்தைப் பின்னே திருப்புவார்கள்.
மகல்லானெஸில் நாங்கள் திருப்புவதில்லை.
ஆனால் இந்த இயந்திரத்தில் யாரோ
தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு
கையாலேயே ஒரு மணியைக் கழற்றியிருக்கிறார்கள்.

எலியாசருக்குச் செய்தி அனுப்பினேன்:
கடிகாரத்தை நீங்களா மாற்றினீர்கள்?
உடனே பதில்:
ஆமாம், மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன்.
மகாலி புவேர்ட்டோ மோன்ட்டில் இருந்தாள்.
பள்ளி விடும் நேரத்துக்குக் கூப்பிடவேண்டும்,
எனக்குக் கூட்டல் கழித்தல் வராது.

இன்னும் நாற்பது நிமிடம் சும்மா இருந்திருந்தால்
தானே சரியாகியிருக்கும்.
நான் நேரத்தைத் திருத்தினேன்.
ஒரு நொடியில் மூன்றும் வாக்களித்து
இரண்டாவதைத் தலைமை என்றன.

சோதனைக்கு ஏதாவது கோப்பு வேண்டும்.
வெளிவட்டை மாட்டி ஒரு படத்தைப் போட்டேன்.
தலைமையைக் கொன்றேன்.
மற்ற இரண்டும் சற்று விழித்து, புதிதாக ஒன்றைத் தேர்ந்து,
படத்தை எடுத்துத் தந்தன: குல்லாய், நாய், கடல்.
கொன்றதை எழுப்பினேன்.
இல்லாதபோது நடந்ததையெல்லாம்
வரிவரியாகக் கேட்டு வாங்கிக்கொண்டது.

படங்களின் நகல் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன்.
எந்தப் படங்கள், என்றார்.
பிறகு நெடுநேரம்
தட்டச்சு செய்கிறார், தட்டச்சு செய்கிறார்.

அதற்குள் எல்லாவற்றையும் உள்ளே ஏற்றத் தொடங்கியிருந்தேன்.
ஒரே மேசை, ஒரே வட்டு, அதில் மூன்று பிரதி.
தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.
முந்நூறாவது படத்தில் மறுபடி
இடமில்லை என்றது.