ஐம்பத்தெட்டாம் நாள்

மாங்குளம் சந்தியில்
கைபேசிக் கடைக்கு மேல்மாடி.
மின்விசிறி சுற்றினால் இணையம் அறுகிறது என்று
நான் மட்டும் நம்புகிறேன். நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நிரலில் பிழை ஒன்றும் இல்லை.
விடிய நாலரைக்கு எழும்பும்,
குளக்கட்டில் பூட்டிய உணரியிடம் மட்டம் கேட்கும்,
நாற்பத்தொரு கைபேசிகளுக்கு ஒரு வரி அனுப்பும்:
வேலங்குளம், ஒன்பது அடி நாலு அங்குலம்.
பிறகு படுத்துவிடும்.

வாகீசன் எழுதினது. இப்ப பிராம்டனில் லொறி ஓட்டுகிறான்.
இரண்டு வருசமாக ஒருத்தரும் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.
மாற்ற என்ன இருக்கு?

அதுதான் குற்றம்.
அறுபது நாள் கை படாத களஞ்சியத்தில்
நேரம் குறித்த வேலைகளை நிறுத்திவிடுவார்கள்.
எங்கேயோ இருக்கிற சேர்வருக்கு
பிசகில்லாமல் ஓடுவதும் செத்துக் கிடப்பதும் ஒன்று.

போன மார்கழியில் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.
மூன்று நாள் செய்தி போகவில்லை.
மழை. குளம் வான் பாய்ந்தது.
நாலாம் நாள் தயாளமூர்த்தி படியேறி வந்தார், சேற்றுக் காலோடு.
"போன் அடிக்கேல்ல, குளம் ஏறேல்லயாக்கும் எண்டு படுத்திட்டன் பிள்ளை."
அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு கலண்டரில் வட்டம்.
ஐம்பத்தெட்டாம் நாள்
ஒருவரும் வாசிக்காத கோப்பின் அடியில் ஒரு புள்ளி வைப்பேன்,
அடுத்த முறை அதை அழிப்பேன்.
மாற்றக் குறிப்பில் ஒரு சொல்: இருக்கிறம்.

இதையும் ஒரு நிரலிடம் விடலாம்.
எழுதியும் பார்த்தேன், பத்து வரி.
தானே வைத்து, தானே அழித்து,
ஆள் இருப்பதாக ஆளில்லாமல் சொல்லும்.
ஓட விடவில்லை.
ஏன் என்று வாகீசன் கேட்டான்.

கீழே பூங்கோதை அக்கா மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறா.
ஒலுமடுப் பக்கம் அவவின் காணி, இரண்டு ஏக்கர்.
இடம்பெயர்ந்து போய் வந்து பார்க்க
பாலையும் வீரையும், நடுவில் வன இலாகாக் கல்.
ஆட்சி இல்லை, காடு என்று எழுதிவிட்டார்கள்.
மாசம் ஒருக்கால் போகிறா.
விதைக்கிறதுக்கு இல்லை. நாலு பற்றை வெட்டுவா,
தளர்ந்த கம்பியை இழுத்துக் கட்டுவா,
தேதி விழுகிற மாதிரிப் படம் எடுப்பா.
அதுகளை அச்செடுக்கத்தான் வந்திருக்கிறா, கச்சேரிக்குக் கொடுக்க.

"என்ன செய்யிறாய்?"
திரையை எட்டிப் பார்க்கிறா.
"பற்றை வெட்டுறன்."
சிரித்தா. விளங்கினதோ தெரியாது.
புழுங்குது என்று மின்விசிறியைத் தட்டிவிட்டு இருந்தா.

இணையம் அறவில்லை.
புள்ளி போய்ச் சேர்ந்தது.