ஒன்றேகால்

நாரினில் நவம்பர் என்றால்
கையுறை இல்லாமல் ஸ்பேனரைத் தொட்டால்
தோல் அதோடு போய்விடும்.
புரூலின் பழைய ஆடி
இரண்டு நாளாக என் கொட்டகையில்.
வாட்டர் பம்ப் புதிது, மேல் ஹோஸ் புதிது.
தெர்மோஸ்டாட் கேஸ்கெட்டை
டிராக்டர் டியூபிலிருந்து வெட்டிப் போடவில்லை,
காசு கொடுத்தே வாங்கினேன்.
அதைச் சொல்லிக்கொள்ள ஆசை.

என்ஜின் ஆறிக் கிடந்தது.
டேங்க் வாயில் சோதனை மூடியைத் திருகிக்
கைப்பம்பை அழுத்தினேன்.
முக்கால். ஒன்று. ஒன்றேகால் பார்.
விட்டேன்.
இனி கால் மணி நேரம் ஊசி நிற்க வேண்டும்.
நின்றால் அவள் தோலோன் கணவாய் ஏறலாம்.
பிஷ்கெக் போகும் மூன்று பயணிகள்
பஜாரில் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கையைத் துடைத்தேன்.
துடைத்த கையை மறுபடி துடைத்தேன்.
நான்காம் நிமிடம் ஊசி
ஒரு வீசம் இறங்கியது.
கண்ணாடியைத் தட்டினேன்,
தட்டினால் ஏறிவிடும் என்பதுபோல.

அட்டையை விரித்து அடியில் படுத்தேன்.
பம்பின் கீழ்த்துளையில் ஈரமில்லை.
கிளாம்ப் ஒவ்வொன்றையும் விரலால் சுற்றி வந்தேன்.
உள்ளே, பயணி காலடிக் கம்பளத்தைத் தூக்கி முகர்ந்தேன்:
ஆட்டு வாடை, பூட்ஸ் வாடை.
கூலன்ட்டின் அந்தத் தித்திப்பு இல்லை.
அக்தோஷ்கூட மோந்துவிட்டு நகர்ந்தது,
தித்திப்பென்றால் விடாத நாய்.
அதன் கூடப்பிறந்தது போன வருஷம்
ஒரு வாய் நக்கித்தான் செத்தது.

ஊசி மட்டும் விடாமல் சொன்னது.
ஒன்று. அதற்கும் கீழே.

வெளியே ஒழுகாதது உள்ளேதானே ஒழுகும்?
‘ஹெட் போயிருக்கலாம்’ என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
‘எவ்வளவு ஆகும்?’
‘நாற்பதாயிரம் சோம். கூடவும் ஆகலாம்.’
அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.
தகரக் கூரையைவிட்டு வெளியே போனாள்,
சிக்னல் கிடைக்கும் டயர் அடுக்கின் பக்கம்.
கொழுந்தன் எசெனிடம் பேசியது
எனக்கும் கேட்டது.
‘கிடாரியைக் கொடுத்துவிடு.
ஆமாம், சினையாக இருப்பதைத்தான்.
அந்த அத்-பாஷிக்காரன் சொன்ன விலைக்கே.’

நான் ஆயில் கோலை உருவிப் பார்த்தேன்.
தேன் நிறம். மோர்க் கலங்கல் இல்லை.
ஐந்து பிளக்கையும் கழற்றினேன்.
ஐந்தும் காய்ந்த சாம்பல்.

எல்லாம் காய்ந்திருந்தால்
போனது எங்கே போனது?
அப்போதுதான் என் கண்
காரைவிட்டு ஏறி என் கைக்கே வந்தது.
பம்பின் குழாய் மூடியோடு சேரும் பித்தளைக் கழுத்து.
விரலில் எச்சில் தொட்டுத் தடவினேன்.
ஒரு குமிழி.
கடுகளவு. மிளகளவு. உடைந்தது.
பின்னாலேயே இன்னொன்று.

பதினோரு வருஷமாக
ஊர் வண்டிகளையெல்லாம் நான் நிறுத்துப் பார்த்த தராசு.
உள்ளே வெடித்த ரப்பர் வளையம் ஒன்று,
ஐந்து சோம்கூடப் பெறாது.
இதற்குமுன் எத்தனை பேரிடம்
‘ஹெட் போயிருக்கலாம்’ என்றேன்?
எண்ணத் தொடங்கி,
போன மாதத்தைத் தாண்டுமுன் நிறுத்திக்கொண்டேன்.

பழைய கார்புரேட்டர் டப்பாவில்
அதே அளவில் ஒரு வளையம் கிடைத்தது.
மாட்டினேன். அழுத்தினேன். ஒன்றேகால்.
‘புரூல், உன் கார் நன்றாகத்தான் இருக்கிறது.
என் கருவிதான் ஒழுகியது.’
அவள் திட்டவில்லை.
திட்டியிருந்தால் அந்தக் கால் மணியில்
பாதியாவது போயிருக்கும்.

மறுபடி டயர் அடுக்கின் பக்கம் நிற்கிறாள்.
எசெனின் போன் அடிப்பது
கொட்டகைக்குள் கேட்கிறது.
ஏழாம் நிமிடம். ஊசி அசையவில்லை.
அடித்து ஓய்கிறது. மீண்டும் அழைக்கிறாள்.
பத்து. பன்னிரண்டு.
எப்போதும் கண்ணை எடுக்காமல் பார்க்கும் ஊசியை
இப்போது நான் பார்க்கவில்லை.
அது நிற்கும், தெரியும்.

எடு, எசென்.