கால் மணி

எல்பர்ஃபெல்ட் கடையில் யூட்டா
என் ஓட்டத்தைப் படம்பிடித்தாள்,
முழங்காலுக்குக் கீழே மட்டும், பின்னாலிருந்து.
நாற்பத்தொரு வயதில்தான் பார்க்கிறேன்
என் இடது கணுக்கால்
அடிக்கு ஒருமுறை உள்பக்கம் சரிவதை,
பேருந்தில் தூங்குகிறவர் தலை
பக்கத்து ஆளின் தோளைத் தேடுவதுபோல.

"இதைத் தாங்கிப் பிடிக்கணும்."
அவள் எடுத்துவந்தது ஒரு சாம்பல்நிறக் கட்டில்.
குதிகாலுக்கு மெத்தை, உள்வளைவுக்கு முட்டு,
நூற்றெழுபது ஈரோ.
போட்டு நின்றேன். இரண்டு விரற்கடை வளர்ந்தேன்.
தரை எங்கோ போய்விட்டது.

சுகிர்தன் சிரித்தான்.
முதியோர் இல்லத்தில் என்னோடு இரவு வேலை.
அவன் ஷூவைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைக்கலாம்.
"காலுக்குக் கல் தெரியட்டும், அக்கா.
பாதத்தில் இருபத்தாறு எலும்பு,
சும்மா தூங்கவா?"
அந்த வாதத்தில் வென்ற ஞாயிற்றுக்கிழமை
பழைய ரயில்பாதையில், சுரங்கங்களுக்குள்
ஒரே மூச்சில் பதினான்கு கிலோமீட்டர்.
மூன்றாம் விரலுக்குப் பின்னால் மயிரிழை விரிசல்.

இப்போது முழங்கால்வரை பிளாஸ்டிக் பூட்ஸ்,
ஆயுளில் அவன் போட்டதிலேயே தடித்த அடி.
அதிலிருந்து குரல்செய்தி வருகிறது:
"தப்பு ஷூவில் இல்லை. அவசரத்தில்."

நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்?
கெண்டைக்கால் எலும்பில் இருந்த வலி
முட்டியின் வெளிப்புறத்துக்கு வீடு மாறியிருக்கிறது,
அதே சாமான்களோடு.

பிசியோ என் ஷூவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.
"எதைப் போட்டால் காலை மறக்கிறீர்களோ, அது."
பிறகு சீட்டில் எழுதினார்:
ஒருநாள் விட்டு ஒருநாள், பதினைந்து நிமிடம்.
கால் மணி.
படியிறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்,
காலுக்குக் கால் மணி.
இந்த ஊரில் யாரிடம் சொல்லிச் சிரிப்பது?
தலைக்கு மேலே தொங்கு ரயில் போனது,
தரையே தேவைப்படாமல்.

நேற்றிரவு மூன்று பத்துக்கு
பதினெட்டாம் அறையின் மணி அடித்தது.
திருமதி கெஸ்லர், கட்டிலின் விளிம்பில்,
ஒரு பாதம் ஏற்கெனவே தரையில்.
தோளைப் பிடித்து உட்காரவைத்து
மூச்சு வாங்கும்போதுதான் தெரிந்தது:
நீள வராந்தா முழுக்க ஓடியிருக்கிறேன்,
மருந்துக் கறை படிந்த
வேலைச் செருப்பில்.
பின்பட்டிகூட மாட்டவில்லை.

அவள் என் காலைப் பார்த்தாள்.
"வழுக்கும், பிள்ளை,
நல்லதா ஒன்று வாங்கு."